வில்லுக்கு எண்ணெய் வைத்தேன், கஸ்தூரி

என் வாயாடிச் சின்னவளே, கஸ்தூரி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்டால், "செத்தவளப் பார்த்து நல்லாக்கீறியானு கேக்கறியே, உனக்கு இன்னா மூள கீள கலங்கிடுச்சா?" என்று நீயே சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நாம் ரெண்டு பேரும் எதைத்தான் ரகசியமாகப் பேசினோம்? ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள், அண்ணன் பெண்டாட்டி நான், தம்பி பெண்டாட்டி நீ. ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று குப்பமே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. அடித்துக்கொண்டோம்தான், தெருவே கேட்கும்படி. அதே நாள் சாயங்காலம் ஒருத்தி தலைக்கு ஒருத்தி எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் அதே தெருதான் பார்த்தது.

முதலில் இங்கே இருக்கிற சேதி. மழைக்குத் திறந்துகொண்ட முகத்துவாரத்தை மறுபடியும் மணல் மூடிக்கொண்டு வருகிறது. ஏரியில் எறா குறைச்சல், நண்டு பரவாயில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே போட்டில்தான் போகிறார்கள், ஆனால் பேச்சு இல்லை. சண்டை ஒன்றும் இல்லை, பேச ஒன்றும் இல்லை அவ்வளவுதான். உன் மகள் சென்னையிலிருந்து தினமும் போன் செய்கிறாள். உன் வீட்டுக்காரன் ஏழுமலை "ம்" என்கிறான், அவள் "ம்" என்கிறாள், அப்புறம் வைத்துவிடுகிறார்கள். ராத்திரிச் சோறு என் வீட்டில்தான். உன் குழம்பு மாதிரி இல்லை என்று ஒரு நாளாவது முகம் சுளித்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். எதைப் போட்டாலும் தின்றுவிட்டுப் போகிறான்.

பொன்னேரி மார்க்கெட்டில் நம்ம இடத்தில் இப்போது நான் மட்டும் உட்காருகிறேன். உன் அன்னக்கூடையைப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்திருக்கிறேன், வேறு யாரும் அங்கே வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று. உன் வாடிக்கைக்காரர்கள் வந்து, "எங்க அந்த வாயாடி? நண்டு வாங்குனா ரெண்டு காலு சேர்த்துப் போடுவாளே" என்று கேட்கிறார்கள். போய்விட்டாள் என்கிறேன். எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நண்டோடு ரெண்டு கால் சேர்த்துப் போட்டு அனுப்புகிறேன்.

அந்த நாளை நினைக்காத நாள் இல்லை. மழை விட்டு நல்ல வெயில். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து பழவேற்காட்டில் இறங்கினோம். "எக்கா, நெஞ்ச கரிக்குது. ஒரு சோடா வாங்கியாயேன்" என்றாய். காலையில் தின்ற வடையைச் சொல்லித் திட்டிக்கொண்டே கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கூடைமேல் தலை சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தாய். திறந்த சோடா என் கையில் நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வயலினைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உன்னை அறியாதவர்கள் இதைப் படித்தால், மீன்காரிக்கு வயலின் எதற்கு என்று கேட்பார்கள். நானே கேட்டவள்தானே. கல்யாணமாகி வந்த புதிதில் உனக்கு என்ன குரல்! மார்கழி பஜனையில் நீ பாட ஆரம்பித்தால் கடைக்கோடி வீட்டில்கூடப் பேச்சை நிறுத்துவார்கள். அப்புறம் வருஷக்கணக்காக வெயிலில் உட்கார்ந்து "நண்டேய், எறாவேய்" என்று கூவிக் கூவித் தொண்டை கிழிந்துவிட்டது. ஒரு மார்கழியில் பஜனைக்காரர்கள் உன் கையில் தாளத்தைக் கொடுத்து, "நீ இத்த மட்டும் தட்டும்மா, பாட்ட அவங்க பார்த்துக்குவாங்க" என்றார்கள். நீ சிரித்துக்கொண்டேதான் தட்டினாய். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் போட்டு உடைத்தாய்.

பொன்னேரியில் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு தெரு, அங்கே மாடியில் வயலின் வகுப்பு. எத்தனையோ நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினோம். ஒரு நாள் நீ சொல்லாமல் கொள்ளாமல் காலிக் கூடையோடு மாடி ஏறிவிட்டாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். "டீச்சர், எம்மேல மீன் வாட வரும். பரவால்லனா கத்துக்குடுங்க" என்று வாசலில் நின்று கேட்டாய். அந்த டீச்சரம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கூடையை வெளிய வச்சிட்டு உள்ள வாங்க" என்றார். ஏன் வயலின் என்று அவர் கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "தொண்ட போய்டுச்சு டீச்சர். கை நல்லாக்கீது."

தன்னிடம் இருந்த பழைய வயலின் ஒன்றை உனக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. வாசிக்கிற வரைக்கும் உன்னுடையது. விட்டுவிட்டால் அவரிடமே திரும்பி வர வேண்டும், வாசிக்கிற வேறு ஒருத்தருக்குப் போக வேண்டும்.

அப்புறம் நீ வீட்டுப் பின்னால், பழைய வலைக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டு அடித்த கூத்து! ஒரு காலை நீட்டிக்கொண்டு, வயலினின் தலையைக் கணுக்கால்மேல் வைத்துக்கொண்டு, ஏதோ பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி குனிந்து உட்காருவாய். தொடங்கும்போது ஒரு கரகரப்பு, நடுவில் ஒரு திக்கல், முடிவில் கீச்சென்று ஒரு வால். அதுதான் உன் சங்கீதம். தெருநாய் கூடவே ஊளையிடும். "ஏரியில கீற மடவ மீனெல்லாம் கரையேறி ஓடப்போது" என்பார் என் வீட்டுக்காரர். "யாருடி பூன வால மிதிச்சது?" என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். ஏழுமலை மட்டும் வலையைத் தைத்துக்கொண்டே, "நேத்திக்கி இன்னிக்கித் தேவல" என்பான். தினமும் அதையேதான் சொன்னான். ஒரு நாளும் தேறினதாக எனக்குத் தெரியவில்லை.

"நீயும் வாக்கா. ரெண்டு பேரும் கத்துக்கினு, வர்ற மார்கழிக்கு அந்த பஜன கோஷ்டி முன்னால போய் உக்காந்து இழுக்கலாம். மூஞ்ச எங்க வச்சிக்கிறாங்கனு பாப்போம்" என்பாய். நான் என் கையைக் காட்டுவேன். நண்டு கடித்துக் கடித்துத் தழும்பேறி, ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல் மடங்காத கை. "இந்தக் கைக்கு வயலினா? போடி வேலையப் பார்த்துக்கினு" என்பேன். நீ விடமாட்டாய். "வயலினுக்கு உன் மூஞ்சா தெரியப்போது, கையா தெரியப்போது?" என்பாய்.

உன் கருமாதிக்கு வருகிறேன். அன்றைக்குத் தூறல் விடவே இல்லை. சாம்பிராணி நமத்துப்போய்ப் புகையே வரவில்லை. உன் படத்துக்கு முன்னால் தணல் சும்மா கிடந்தது. வீட்டில் வேறு ஏதாவது இருக்குமா என்று தேடிக்கொண்டு உன் வயலின் பெட்டியைத் திறந்தேன். ஊக்கு, பொட்டு அட்டை எல்லாம் அதில்தானே போட்டு வைப்பாய். ஒரு துணியில் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு கட்டி இருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்கச் சாம்பிராணி வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்து எடுத்து வந்து தணலில் போட்டேன்.

அடேயப்பா, என்ன புகை! உருகி ஓடிக் கறுப்பாகக் கிளம்பியது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் இருமிக்கொண்டு வெளியே போனார்கள். என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மரத் தோணிக்கு குங்கிலியம் காச்சறப்ப இந்த வாடதான் வரும்" என்றார். முன்னே எல்லாம் தோணியின் ஓட்டையை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்களே, அந்த வாடை. ஏழுமலை மட்டும் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் வருவதற்கு அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

காரியம் முடிந்த மறுநாள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். "அண்ணி, இத்த நீ வச்சிக்க. எங்கூட்ல இருந்தா இதையே பார்த்துக்கினு உக்காந்துக்கீறேன். வேலைக்கிப் போகத் தோணமாட்டுது." வாங்கி அலமாரிமேல் வைத்தேன். தை பிறக்கிற வரைக்கும் திறக்கவில்லை.

அப்புறம்தான் திறந்து பார்த்தேன். தந்திக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. உப்புப் பூத்துவிட்டது என்று நினைத்தேன். நம்ம ஊரில் எதுதான் பூக்காமல் இருக்கிறது? பூட்டுக்கு எண்ணெய், கதவுக் கீலுக்கு எண்ணெய், தையல் மிஷினுக்கு எண்ணெய், கத்தரிக்கோலுக்கு எண்ணெய் என்று எதையாவது தடவிக்கொண்டே இருந்தால்தானே நமக்குப் பிழைப்பு. நாலு நாள் விட்டால் காற்று இரும்பைத் தின்றுவிடுகிறது. உன் பொருளை அப்படி விட்டுவிட மனசு வரவில்லை. தூளை ஈரத்துணியால் துடைத்தேன். தந்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

வில்லைக் கையில் எடுத்தேன். அதிலே இருக்கிற முடி குதிரை வால் முடி என்று நீ சொல்லியிருக்கிறாய். வெளுத்துப்போய், வறண்டுபோய், உன் தலைமுடி கடைசியில் இருந்த மாதிரியே இருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, நுனியிலிருந்து அடிவரைக்கும் நீவி நீவி வைத்தேன். உனக்கு வைக்கிற மாதிரியேதான் வைத்தேன். "மெதுவா தேயேன்க்கா, வலிக்குது" என்று நீ சொல்லவில்லை, அது ஒன்றுதான் குறை.

அப்புறம் ஒரு ஆசை வந்தது. ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்று. உன்னை மாதிரியே காலை நீட்டி உட்கார்ந்து, வில்லைத் தந்திமேல் வைத்து இழுத்தேன்.

சத்தமே வரவில்லை, கஸ்தூரி. கரகரப்பு இல்லை, திக்கல் இல்லை, கீச்சும் இல்லை. வில் தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தி இழுத்தேன், மெதுவாக இழுத்தேன், திருப்பி வைத்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. உன் கையில் தெருவையே அலற வைத்த சாமான், என் கையில் செத்துக் கிடந்தது.

அன்றைக்குத்தான் நான் அழுதேன். நீ போன அன்றைக்கு ஆயிரம் வேலை, அழ எங்கே நேரம் இருந்தது? அன்றைக்கு அழுதேன். கூப்பிட்டபோதெல்லாம் வராதவள் இப்போது எதுக்கு வந்து தொடுகிறாய் என்று நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். ரெண்டு நாள் கழித்து அதுவும் போய்விட்டது. கோபப்பட நீ எங்கேயாவது இருந்தால்தானே என்று தோன்றிவிட்டது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

அந்த வாரமே மார்க்கெட்டில் டீச்சர் சொல்லி அனுப்பிய ஆள் வந்தார். அவசரம் இல்லை, ஆனால் காட்டூரிலிருந்து ஒரு பெண் வயலினுக்காகக் காத்திருக்கிறாள், உங்கள் வீட்டில் யாரும் வாசிக்கவில்லை என்றால் எடுத்து வரச் சொன்னார் என்றார். நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் வியாபாரம் முடிந்ததும் பெட்டியை முந்தானையால் போர்த்திக்கொண்டு மாடி ஏறினேன். கூடையை வெளியே வைத்தேன், நீ வைத்த அதே இடத்தில்.

பெட்டியைத் திறந்ததும் டீச்சர் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, தேங்காய் எண்ணெய் வாசனை வருது?"

"வெள்ளத் தூளா உப்புப் பூத்திருந்துச்சு, வீணாப் போய்டக் கூடாதேனு தொடச்சிட்டுத் தடவினேங்க. முடிக்கும் வச்சேன்."

"முடிக்குமா?" டீச்சர் வில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அம்மா, இந்த முடி சொரசொரப்பா இருந்தாத்தான் தந்தியப் பிடிச்சு இழுக்கும். எண்ணெய் பட்டா வழுக்கிடும், சத்தமே வராது. அதுக்குத்தானே பிசின் கட்டி ஒண்ணு குடுத்திருந்தேன், ரோசின்னு. அதை முடியில தேய்ச்சாத்தான் வயலின் பேசும். அந்த வெள்ளைத் தூளே அதுதான். தேன் கலர்ல, ஒரு துணியில சுத்தி வச்சிருப்பாங்களே. அது எங்க?"

"அத்த... கருமாதிக்கு சாம்பிராணினு நெனச்சிக் கொளுத்திட்டேங்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. உன் படத்துக்கு முன்னால் ஊரே இருமிக்கொண்டு ஓடியதை நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நீ இருந்திருந்தால் இதை வைத்து என்னை ஆயுசு முழுக்க ஓட்டியிருப்பாய். சிரித்து ஓய்ந்ததும் கேட்டேன்.

"அப்ப, அது சத்தம் போடாம இருந்தது அவ கோவத்துனால இல்லியா டீச்சர்?"

"எவ?"

"கஸ்தூரி."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா. எண்ணெயினாலதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. உனக்குத் தெரியும்.

"நீங்க கத்துக்கறீங்களா?" என்று அவரேதான் கேட்டார். எனக்கு எதற்கு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வயசாயிற்று, முட்டி வலி, விரல் மடங்காது, தாளம் தெரியாது, பாட்டு என்றால் நீ பாடினது மட்டும்தான் தெரியும், வீட்டில் சிரிப்பார்கள். அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அப்புறம் நான், "இருந்தாலும் அவ விட்டதத் தொடரலாம்னு ஒரு நெனப்பு. அவளுக்காக" என்றேன்.

"அவங்களுக்காகன்னா வேணாம்" என்று பட்டென்று சொன்னார். "போனவங்களுக்காகன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தவங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன். ரெண்டு மாசம் தாங்காது. முட்டி வலிக்கும், விரல் எரியும், ஒரு ஸ்வரமும் வராது. அப்ப போனவங்க மேலயே எரிச்சல் வரும். அது வேணாம் உங்களுக்கு. வயலினை அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடலாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் சின்னவள்மேல் எனக்கு எரிச்சல் வருமா? பிறகு யோசித்தேன். வரும்தான். உயிரோடு இருந்தபோதே வந்ததே. அவர் சொல்வது நிஜம்தான் என்று எழுந்துவிட்டேன். "போறதுக்கு முன்னால ஒரு வாட்டி உங்க வில்லால இழுத்துப் பாத்துக்கட்டுமா டீச்சர்? அதோட சத்தம் எப்டி இருந்துச்சுனு மறந்துகினு வருது" என்று கேட்டேன்.

தந்திகளைத் துடைத்துச் சுத்தம் செய்து, தன்னுடைய பழைய வில் ஒன்றில் பிசினைத் தேய்த்துக் கொடுத்தார். அந்த வாடை வந்தது, உன் கருமாதிப் புகை வாடை. உட்கார்ந்து காலை நீட்டினேன். இழுத்தேன்.

கரகரப்பு. நடுவில் ஒரு திக்கல். கடைசியில் கீச்சென்று ஒரு வால்.

நீதான். அப்படியே நீதான். வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருக்கிற நீ. "புதுசா எடுக்கறவங்க எல்லாருக்கும் முதல்ல இந்தச் சத்தம்தான்மா வரும்" என்றார் டீச்சர், என்னைச் சமாதானப்படுத்துகிறதாக நினைத்து.

அதோடு வைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் வைக்கவில்லை. அந்தத் திக்கல் என் கைக்குள்ளே எங்கேயோ உறுத்தியது. முழங்கையைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்த இடத்தைத் தாண்டிவிடலாம் போலத் தோன்றியது. இன்னொரு தடவை இழுத்தேன். பாதி தாண்டியது. மறுபடியும் இழுத்தேன். உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை, அதனால் சொல்கிறேன். முதல் தடவை இழுத்தது உனக்காக. அதற்கு அப்புறம் இழுத்தது எல்லாம் எனக்காக. அந்த நேரம் உன் நினைப்புகூட இல்லை. இவ்வளவு மாசத்தில் நான் உன்னை நினைக்காமல் இருந்த நேரம் அதுதான்.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். "எண்ணெய் பட்ட வில்லுக்கு முடி மாத்தணும், சென்னைக்கு அனுப்பிடறேன். அதுவரைக்கும் இந்த வில்லை எடுத்துட்டுப் போங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா அந்தப் பொண்ணு வந்து எடுத்துக்கட்டும்" என்று ஒரு புதுப் பிசின் கட்டியையும் கையில் வைத்தார். "இதையும் கொளுத்திடாதீங்க."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது, இருந்தாலும் அங்கே வைக்கவில்லை. கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? ஆசைப்படுகிற சின்னப் பெண் ஒருத்தி காத்திருக்கும்போது, கை மடங்காத கிழவிக்கு இது எதற்கு? அந்தப் பெண் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்வாள்! பழவேற்காடு வருகிற வரைக்கும் இதே யோசனைதான்.

வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்ததும், "குடுக்கப் போனவ திருப்பி எடுத்தாந்துட்டியா? மறுபடியும் மடவையெல்லாம் பாவம்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரம். பின்பக்கம் போய் உன் வலைக் குவியல்மேல் உட்கார்ந்தேன். பிசினைத் தேய்த்தேன். ஒரு இழுப்பு இழுத்தேன். அதே கரகரப்பு, திக்கல், வால். தெருநாய் எங்கிருந்தோ ஊளையிட்டது. அது மறக்கவில்லை பார்.

உங்கள் வீட்டுப் பக்கம் என்னவோ தட்டி உருளுகிற சத்தம் கேட்டது. ஏழுமலை ஓடி வந்தான். கால் கழுவிக்கொண்டிருந்தவன் போல, ஈரக் காலோடு, கையில் சொம்போடு, வேலி ஓரம் வந்து நின்றான். அந்த முகத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? ஒரு கண நேரம், ஒரே ஒரு கண நேரம், அவன் நம்பிவிட்டான். அப்புறம் நான் என்று தெரிந்தது.

"நீயா அண்ணி" என்றான்.

எனக்கு வில்லைப் போட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. "சும்மா பார்த்தேன் ஏய்மல. குடுத்துடப் போறேன்" என்றேன். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தான்.

"அவ மாதிரியே கீது. அந்தக் கடசீல கத்துமே, அது கூட. இன்னொரு வாட்டி இழு அண்ணி."

இழுத்தேன். தலையை முட்டிக்கு நடுவில் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. புகை இல்லாமல் அவன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவன் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவான் என்று தெரியும். இருட்டுகிற வரைக்கும் மோசமாக இழுத்துக்கொண்டே இருந்தேன்.

எழுந்து போகும்போது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"ஜல்தி கத்துக்காத அண்ணி."

என்னால் கற்றுக்கொள்ள முடியாமல் போய்விடுமோ என்றுதான் அதுவரைக்கும் பயந்துகொண்டிருந்தேன், கஸ்தூரி. கற்றுக்கொண்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. என் கை தேறத் தேற அந்தக் கரகரப்புப் போகும். திக்கல் போகும். ஒரு நாள் அந்த வாலும் போகும். உன்னை இந்த வீட்டில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது அது ஒன்றுதான், அதை என் கையாலேயே துடைக்க வேண்டுமா? மூன்று நாள் வயலினைத் தொடவில்லை. கொடுத்துவிடலாம், அந்தப் பெண் துடைத்துக்கொள்ளட்டும், நான் பார்க்க வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

நேற்று நம்ம வீட்டுக்குப் பாடு முறை வந்தது. எறாவுக்கு வலை கட்டுகிற முறை, இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மாறி மாறி வருமே, அது. முதல் வலையில் முதலில் வருகிறது அம்மனுக்கு. பெரியதாக, நல்லதாகப் பொறுக்கி வைக்கிற வழக்கம் நமக்கு இல்லை. முதலில் எது வருகிறதோ அது. ஒரு வருஷம் பிய்ந்த செருப்பு வந்து, உன் மூத்தார், அதுதான் என் வீட்டுக்காரர், முழித்துக்கொண்டு நின்றபோது நீ சொன்னாயே, "இன்னொரு வாட்டி போடுங்க மாமா, ஜோடி கெடச்சா ஆத்தா போட்டுக்கினு நடக்கும்" என்று. அம்மனே சிரித்திருப்பாள். நேற்று ஒரு நசுங்கின கெளுத்தி வந்தது. என் வீட்டுக்காரர் அதைத்தான் கழுவி அம்மன் முன்னால் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது எனக்கு ஒரு வழி தெரிந்தது.

நான் சனிக்கிழமை போகிறேன். அந்தப் பெண்ணுக்கு டீச்சர் வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும், நான் மனசார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒழுங்காகக் கற்றுக்கொள்ளப் போகிறேன், எனக்காக. ஆனால் தினமும் முதல் இழுப்பு உனக்கு. சரி செய்யாமல், திருத்தாமல், எது வருகிறதோ அது. ஏழுமலை வேலி ஓரம் வந்து உட்கார்ந்துகொள்ளட்டும். அது முடிந்த பிறகுதான் என் பாடம்.

ஒரு நாள் அந்த முதல் இழுப்பே சுத்தமாக வந்துவிடும். தெரியும். அன்றைக்கு நானும் அவனும் உன்னை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்த மாதிரி உட்கார்ந்திருப்போம். அன்றைக்கும் அது உனக்குத்தான், கஸ்தூரி. அதற்கு மறுநாளும் வில்லை எடுப்பேன். இது சத்தியம்.

தலைக்கு எண்ணெய் வைக்க ஆளில்லாத
உன் ஓரகத்தி,
பெரியவள் தனம்